உங்க குலதெய்வம் எது? – தேரிக்காட்டில் ஐந்து நாள்

முதல் நாள். 22 மார்ச் 2024, வெள்ளி. பாளையங்கோட்டை

"தும்ச்ச குல்தைவத் குட்ல?" என்று நான் கட்டிக்கொள்ளப்போகிறவனுடைய அம்மா கேட்டபோது என் வாயில் பாதி கடித்த சங்கர்பாளி இருந்தது. உங்க குலதெய்வம் எது? மராத்தி வீடுகளில் கல்யாணப் பேச்சு எடுத்தால் சாதாரணமாக வரும் கேள்விதான். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் முன்னால் வைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுப்பார்கள். அவர்களுக்கு ஜேஜுரி கண்டோபா. பெண் வீட்டுக்கும் ஒரு சாமி இருக்கும், அங்கேயும் ஒரு பத்திரிகை போக வேண்டும், அவ்வளவுதான். கேள்வியில் குத்தல் இல்லை. நான்தான் மெல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் அப்பா நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர். அம்மா குரும்பூர் பக்கத்து இந்து. நாசரேத்தில் ஒரு டைப்ரைட்டிங் வகுப்பில் பார்த்துப் பழகி, 1985இல் பம்பாய்க்கு ரயிலேறி, பாந்த்ராவில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சாமியும் வேறு, சாதியும் வேறு. எது பெரிய குற்றமாக இருந்தது என்று கேட்டால் இரண்டு வீட்டாரும் சாமியைத்தான் சொல்வார்கள். சாமியைச் சொல்வது லேசு.

அவர்கள் ஓடிப்போன மறு வருஷமே மாவட்டத்தையும் பிரித்துவிட்டார்கள். நாசரேத்தும் குரும்பூரும் தூத்துக்குடிக்குப் போயின. அப்பா அதை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. தாராவியில் யார் கேட்டாலும் "திருநெல்வேலி ஜில்லா" என்றுதான் சொல்வார். அதனால் எனக்கும் அது திருநெல்வேலிதான்.

எனக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, முடி இறக்கிக் காது குத்தவும் இல்லை. "பெருசானதும் அவளே பாத்துக்கிடட்டும்" என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். பெருந்தன்மை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சண்டையைத் தள்ளிப்போட அதைவிட நல்ல வழி கிடையாது என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு 32 வயது. இன்னும் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆகவே மும்பையிலிருந்து நாகர்கோவில் ரயில். இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப் பகல். குர்துவாடி தாண்டும்வரை மராத்தி, குண்டக்கல்லில் தெலுங்கு, சேலத்தில் விழித்தபோது தமிழ். எனக்குச் சண்டை மராத்தியில் வரும், கணக்கு இந்தியில் வரும், பயந்தால் தமிழ். திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் பேசியதும் அவர் கேட்டார்: "ஊருக்குப் புதுசா? தமிழ் நல்லாத்தான் பேசுதிய." பாராட்டுத்தான். ஆனால் ஊர்க்காரியிடம் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பாளையங்கோட்டையில் பெரியப்பா மகன் வீடு. அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். மதினி சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப் பாலில் காய்கறி மிதக்கும் அந்த வெளிர் மஞ்சள் குழம்பை அம்மா தாராவியில் வருஷத்துக்கு இரண்டு தடவை வைப்பாள், அதுவும் தேங்காய் விலையைத் திட்டிக்கொண்டே. இங்கே மதினி அதைச் சும்மா ஒரு வெள்ளிக்கிழமைக்கு வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் மதினி ஸ்கூட்டரில் கிளாரிந்தா கோயிலுக்குக் கூட்டிப்போனாள். இந்தப் பக்கத்தில் சர்ச்சுகளையும் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். போதகரை ஐயர் என்கிறார்கள். "ஐயர் வீட்டுல இன்னைக்கு மீன்" என்று மதினி சொன்னபோது நான் ஒரு நிமிஷம் தடுமாறிப்போனேன்.

கிளாரிந்தா கதையை அப்பா எனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தாள். கிறிஸ்தவத்தைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். ஞானஸ்நானம் கேட்டபோது ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார், முறையான கல்யாணம் இல்லையே என்று. அதிகாரி செத்த பிறகு, 1778இல்தான் அவளுக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. 1785இல் அவள் முன்னின்று கட்டிய கோயில் இது. ஊர்க்காரர்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள். மதம் மாறி, பெயர் மாறி, ஒரு வெள்ளைக்காரனோடு வாழ்ந்து, சொந்தக் காசில் கோயில் கட்டிய பிறகும் ஊருக்கு அவள் பாப்பாத்திதான்.

1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். முதல் பெயர் அவளுடையது. மதினி இதைச் சொல்லிவிட்டு, "நம்ம ஊரு ரெஜிஸ்டர்ல உன் பேரு கெடையாதுல்ல?" என்றாள். கேட்ட பிறகு அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "வா, அல்வா வாங்கலாம்" என்றாள். வாங்கினோம்.

இரண்டாம் நாள். 23 மார்ச், சனி. நாசரேத்

திருச்செந்தூர் பாசஞ்சர். இந்தத் தடத்தில் நிலையங்களின் வரிசையைப் பாருங்கள்: ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத். வைகுண்டத்தில் ஏறி, நம்மாழ்வார் பிறந்த ஊரைத் தாண்டினால் அடுத்தது நாசரேத். யாரும் யோசித்து வைத்ததில்லை, தண்டவாளம் போன வழி அப்படி. எதிர் சீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "ஆமா, அதுக்கென்ன?" என்றார்.

ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றபோது பெட்டியே ஜன்னல் பக்கம் திரும்பியது. போன டிசம்பர் 17ஆம் தேதி ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸ் இங்கேதான் சிக்கியது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப்போய், 800 பேர்வரை வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. ஊர்க்காரர்கள் கிடைத்த அரிசியைப் பொங்கி, கிடைத்த வழியில் கொண்டுபோய்க் கொடுத்ததைப் பெரியவர் சொன்னார். மூன்று மாசம் ஆகிவிட்டது. ஆற்றோரத்துச் சுவர்களில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் தெரிகிறது, பழுப்பாக, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி.

நாசரேத் ஸ்டேஷனில் பெரியப்பா நின்றார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, பையில் பேனா. ரிட்டயர்டு வாத்தியார், சபை மூப்பர். "வாம்மா" என்றார். அதற்கு மேல் வீடு வரும்வரை எதுவும் இல்லை. டிவிஎஸ் ஐம்பதில் போகும்போது ஊர்ப் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே போனேன். இந்தப் பக்கத்து மிஷன் ஊர்களின் பெயரே தனி: மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கிறிஸ்தியாநகரம். தமிழும் வேதாகமமும் கலந்து யாரோ உட்கார்ந்து நிதானமாக வைத்த பெயர்கள். பலகைகளுக்கு அந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் பனை.

வீட்டுத் திண்ணையில் ஆச்சி. கடைசியாக நான் பார்த்தது 2001இல், தாத்தா அடக்கத்துக்கு அப்பா என்னைக் கூட்டிவந்தபோது. அம்மா வரவில்லை. வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

"ஏட்டி, பம்பாய்க்காரி. இவ்வளவு ஒசரம் ஆயிட்டியே" என்று ஆச்சி என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். "ரயில் வாடை. போய்க் குளி."

அதன்பின் கருப்பட்டிக் காபி. ராத்திரிக்குள் மூன்று தடவை. பக்கத்து விளையிலிருந்து பதநீர் வந்தது, பனையோலைப் பட்டையில் ஊற்றி, மாங்காய்த் துண்டு போட்டு. கொண்டுவந்த அண்ணாச்சி இன்னும் பனை ஏறுகிறவர். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் அதே பாளையில் அதே ராத்திரியில் கள் என்றார். "சுண்ணாம்பு கொஞ்சம் கொறஞ்சா?" என்று கேட்டேன். "போலீஸ் வருவான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஆச்சி உலை வைக்கும்போது கவனித்தேன். அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டாள். கைப்பிடி அரிசி. கோயிலுக்கு. எத்தனை வருஷமாக என்றேன். "இந்த வீட்டுக்கு வந்த நாள்லேந்து. அவிய சொன்னாவ, நம்ம வீட்டுல ஒரு பிடி கொறைச்சுத்தான் திங்கணும்னு." அவிய என்றால் தாத்தா. ஆச்சி தாத்தாவின் பெயரைச் சொல்ல மாட்டாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்வதில்லை. அவர் போய் 23 வருஷமாகியும் இல்லை. பென்ஷன் ஆபீசில் கேட்டபோதுகூடப் பெரியப்பாவைப் பார்த்துக் கையைக் காட்டினாளாம்.

எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். பெரியப்பா வாசித்தார், பெரியம்மை பாடினாள், ஆச்சி ஜெபித்தாள். ஜெபம் நீளமாகப் போனது. ஊரில் நோயாளிகள் எல்லாரும் வந்தார்கள், வெளிநாட்டிலிருக்கும் பேரன்கள் வந்தார்கள், வெள்ளத்தில் செத்த ஒரு பசு வந்தது. கடைசியாக "பம்பாயில இருக்க என் மவனுக்காகவும் அவன் குடும்பத்துக்காகவும்." குடும்பத்துக்காகவும் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் இருந்தது. 39 வருஷமாக அந்த இடத்தில் இப்படித்தான் நிறுத்துகிறாளா, எனக்காகவா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள். 24 மார்ச், குருத்தோலை ஞாயிறு

இந்த வருஷம் ஒரு வேடிக்கை. இன்று குருத்தோலை ஞாயிறு. நாளை பங்குனி உத்திரம். நாளையே மும்பையில் ஹோலி. மூன்று காலண்டரும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன.

காலையில் பனங்குருத்தோடு ஊர்வலம். பையன்கள் ஓலையைக் கிழித்துக் கிளி செய்தார்கள், பாம்பு செய்தார்கள், பெரியவர்கள் பார்த்தால் சிலுவை செய்தார்கள். எனக்கும் ஒரு குருத்து கிடைத்தது. வெளிர் மஞ்சள், ஈரம், விளிம்பு மட்டும் பிளேடு மாதிரி.

கோயிலுக்குள் கீர்த்தனை எழும்பியபோது ஒன்று நடந்தது. அதைச் சரியாகச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன். அது அப்பா சவரம் செய்யும்போது முணுமுணுக்கும் ராகம். அதற்குச் சொற்கள் உண்டு என்பதையே நான் யோசித்ததில்லை. இங்கே முந்நூறு பேர் அதைச் சொல்லோடு பாடுகிறார்கள், நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை, எனக்கு எல்லா அடியும் தெரிந்திருக்கிறது. எப்போது கற்றேன்? தாராவி வீட்டில் பாத்ரூம் கதவுக்கு இந்தப் பக்கம் பல் தேய்த்துக்கொண்டு நின்ற காலையெல்லாம் சேர்ந்து எனக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதை விசுவாசம் என்று பெரியப்பா சொல்வார். எனக்கு அந்தச் சொல்லை எடுக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

நற்கருணைக்கு எல்லாரும் எழுந்து போனார்கள். நான் பெஞ்சிலேயே இருந்தேன். பக்கத்தில் இருந்த அத்தை "போ" என்று முழங்கையால் இடித்தாள். தலையை ஆட்டினேன். அவள் என் கால் மேல் மிதிக்காமல் தாண்டிப் போனாள். வரிசை நகர நகர அந்தப் பெஞ்சில் நானும் நாலைந்து சின்னப் பிள்ளைகளும்தான்.

ஆராதனை முடிந்து பெரியப்பா குருமனைக்கு, அதாவது ஐயர் வீட்டுக்கு, கூட்டிப்போனார். சேகர ஐயர் இளவயசு, என்னைவிடச் சின்னவராகக்கூட இருக்கலாம். பழைய ரெஜிஸ்டரை எடுத்துக் கொடுத்தார். நீள நோட்டு, ஓரம் பூச்சி அரித்தது. தாத்தாவின் ஞானஸ்நானம். தாத்தா ஆச்சி விவாகம். பெரியப்பா. அத்தை. அப்பா, 1959. இன்னொரு புத்தகத்தில் அப்பாவின் திடப்படுத்தல், பெரிய பிள்ளையானதும் விசுவாசத்தை உறுதி செய்கிற சடங்கு, 1974. அதோடு சரி. அடுத்த வரியில் வேறு குடும்பம் ஆரம்பித்துவிடுகிறது.

"ஒண்ணும் கஷ்டமில்லம்மா" என்றார் பெரியப்பா, வெளியே வந்ததும், வேப்பமரத்தடியில். இதற்காகத்தான் ஸ்டேஷனிலிருந்து பேசாமலே வந்திருக்கிறார். "நீ ஞானஸ்நானம் எடுத்துக்கோ. அந்தத் தம்பியும் சம்மதிச்சா இங்கனயே மூணு ஓலை வாசிச்சு முடிச்சிரலாம். அசனம் வைப்போம். ஊருக்கே சோறு. உங்க அப்பனுக்குச் செய்யாததை உனக்குச் செய்யுதோம்."

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிப்பார்கள், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். அவனும் நானும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யப்போகிறோம் என்றேன். அங்கேயும் 30 நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள், ஆட்சேபணை சொல்லலாம் என்றேன்.

"அதுவும் இதுவும் ஒண்ணா?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். அசனத்துக்கு எத்தனை மூட்டை அரிசி, எத்தனை கிலோ கத்தரிக்காய் என்றுகூட மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தார். என்னைச் சேர்த்துக்கொள்ள அவரிடம் ஒரு கதவுதான் இருக்கிறது, அதை முழுசாகத் திறந்துதான் வைத்திருக்கிறார். அவனுடைய அம்மாவுக்கு அந்தக் கதவுக்குள் என்ன இடம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நாளைக்கு எங்கே போகப்போகிறேன் என்பதை மட்டும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் குருத்தோலையை மடித்துக்கொண்டிருந்தார். "போறதுன்னா போ. படைச்சதைத் திங்காத."

நான்காம் நாள். 25 மார்ச், பங்குனி உத்திரம். தேரிக்காடு

மாமா நாசரேத் ஸ்டேஷன் ரோட்டில் காத்து நின்றார். வீட்டுக்கு வந்திருக்கலாம், பெரியப்பா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். இருந்தாலும் ஸ்டேஷன் ரோடுதான் என்று போனில் முதலிலேயே சொல்லிவிட்டார். அம்மாவுக்கு நேர் இளையவர். வீட்டுக்குத் தெரியாமல் வருஷத்துக்கு ஒரு தடவை எஸ்டிடி பூத்திலிருந்து அக்காவிடம் பேசியவர். பூத்துகள் போய் செல்போன் வந்தபின்னும் கடையில் நின்றுதான் பேசுவார், பழக்கம். நான் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அம்மாவின் மூக்கு அவர் முகத்தில் இருந்தது.

"வா மருமவளே" என்றார். அவ்வளவுதான். பைக் கிளம்பிவிட்டது.

அரை மணி நேரம்கூட இல்லை. அப்பாவின் ஊருக்கும் அம்மாவின் சாமிக்கும் நடுவில் உள்ள மொத்த தூரம் அது. இதைத் தாண்ட முடியாமல்தான் இரண்டு பேரும் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார்கள்.

தேரியைப் பார்க்காதவர்களுக்கு: செக்கச்செவேல் என்று மணல். செம்மண் நிலம் இல்லை, மணல், மேடு மேடாக. ஒவ்வொரு மணல் துகளிலும் இரும்புத் துரு ஒட்டியிருப்பதால் அந்த நிறம். காற்றடித்தால் மேடு இடம் மாறும். நடுநடுவே பனை, முந்திரி, உடைமரம். அதற்குள்தான் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார். பெயரிலேயே தொழில் இருக்கிறது, சுனையைக் காக்கிற சாமி. இவ்வளவு மணலுக்கு நடுவே அந்தச் சுனையில் நல்ல தண்ணீர்.

பங்குனி உத்திரத்தன்று தெற்கத்திக்காரர்கள் எங்கே இருந்தாலும் அவரவர் சாஸ்தாவை, அதாவது அய்யனாரைத் தேடி வந்துவிடுவார்கள். சென்னை நம்பர் வண்டிகள், கோயம்புத்தூர் வேன்கள், ஒரு எம்எச் நம்பர் கார்கூடப் பார்த்தேன். ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டி மராத்தியில் பேச வேண்டும் போலிருந்தது. முந்தின ராத்திரியே வந்து மரத்தடியில் தார்ப்பாய் கட்டிப் படுத்திருந்த குடும்பங்கள் பல. கல் கூட்டி வைத்த அடுப்புகள், புகை, மொட்டையடித்து அழுகிற குழந்தைகள். சாஸ்தா சைவம், அவருக்குப் பொங்கல்தான். கிடா எல்லாம் காவலுக்கு நிற்கிற மாடன்களுக்கு என்றார் மாமா.

அத்தை பானையில் அரிசி போடும்போது என்னைக் கூப்பிட்டு ஒரு கை போடச் சொன்னாள். போட்டேன். நேற்று முன்தினம் ஆச்சி கையில் பார்த்த அதே ஒரு பிடி. சந்நிதிக்குள் நுழையும்போது பிள்ளையார் முன்னால் என் இரண்டு கையும் தாமாகவே குறுக்காகப் போய் நெற்றியில் குட்டிக்கொண்டன. அம்மா ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் சின்னப் பிள்ளையாருக்குச் செய்வது போலவே, மூன்று தடவை, வேகமாக. நேற்றுக் கீர்த்தனை, இன்று இது. என்னைக் கேட்காமலே இரண்டு பேரும் எல்லாவற்றையும் எனக்குள் வைத்துவிட்டுத்தான், பெருசானதும் அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சாஸ்தாவுக்கு இரண்டு பக்கமும் பூரணை, புஷ்கலை. வெளியே வந்து மணலில் உட்கார்ந்ததும் மாமா கோயில் கதை சொன்னார், அவருக்கு அவர் ஆச்சி சொன்னபடி. சுனைக்குப் பக்கத்தில் ராஜாவின் மாமரம் ஒன்று நின்றதாம். அதன் பழத்தை வேறு யாரும் தொடக் கூடாது. தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண்ணின் குடத்தில் ஒரு பழம் தானாக விழுந்தது. அவளுக்குத் தெரியாது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பிடித்துவிட்டார்கள், திருடி என்று. அவள் சொன்னதை ராஜா கேட்கவில்லை. சாகும்போது அவள் விட்ட சாபத்தில்தான் இந்த ஊர் முழுக்கச் செம்மணல் மூடியது. சுனை மட்டும் மிஞ்சியது, அய்யனார் காவலில்.

"பழம் என்ன ஆச்சு?" என்றேன்.

மாமா யோசித்தார். "அதை யாரும் கேட்டதில்லையே."

பிறகு என் காரியத்துக்கு வந்தேன். இதுதானே எங்கள் குலதெய்வம், மராத்தி அம்மாவிடம் இந்தப் பெயரைச் சொல்லலாமா? கோயிலுக்கு வரி கட்ட வேண்டுமென்றால் நான் கட்டுகிறேன் என்றும் சொன்னேன். மாமா மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

"வரி தலைக்கட்டுக்குத்தான் மருமவளே. ஆம்பளைப் பிள்ளை கணக்கு. பொம்பளைப் பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த இடத்துச் சாமிதான் சாமி. உங்க அம்மைக்கே இது இப்பம் கிடையாது. பொறந்த வீட்டுச் சாமின்னு வந்து கும்பிடலாம், அது வேற."

"அப்போ அம்மாவுக்கு அப்பாவோட கோயில். அங்கேயும் அவ பேரு இல்லையே மாமா. நேத்துதான் ரெஜிஸ்டர் பாத்தேன்."

கோடு நின்றது. அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், யாரிடமோ ஒரு பட்டை பதநீர் வாங்கிவந்து கொடுத்தார்.

அப்போதுதான் போன் அடித்தது. வீடியோ கால். தேரிக்குள் சிக்னல் கிடைத்ததே பெரிய விஷயம். திரையில் அவன் முகம் தெரியவில்லை, குலால்தான், ஹோலிக் கலர்ப்பொடிதான் தெரிந்தது. பச்சை, ஊதா, பல் மட்டும் வெள்ளை. "உன் மூஞ்சியிலும் கலரா?" என்று கத்தினான். கண்ணாடிக்குப் பதில் கேமராவைப் பார்த்தேன். நெற்றி, கன்னம், புருவம் எல்லாம் செம்மண். பைக்கில் வந்த காற்று.

"இல்ல. ஊரு."

அவன் அம்மா போனைப் பிடுங்கினார். கிடைத்ததா என்றார். சுனையைக் காக்கிற சாமி என்றேன், இரண்டு பெண்டாட்டி என்றேன். "அய்யா, எங்களுக்கும் அப்படித்தான்!" என்று சிரித்து, கண்டோபா கதையை ஆரம்பித்துவிட்டார். மூத்தவள் ம்ஹாள்சா. இளையவள் பாணாயி, ஆடு மேய்க்கிற தங்கர் வீட்டுப் பெண். அவளுக்காகக் கண்டோபா வேஷம் மாறிப்போய் அவள் வீட்டில் ஆடு மேய்த்தார். கல்யாணம் முடிந்ததும் ஜேஜுரிக்குப் போக வேண்டும், மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டும், இவன் ஜிம்முக்குப் போகிறானா இல்லையா பார்த்துக்கொள். அத்தனையையும் மூச்சு விடாமல் சொன்னார். வேறு சாதிப் பெண்ணுக்காக ஆடு மேய்த்த சாமியைக் கும்பிடும் குடும்பம்தான், ஒரு வருஷம் முன்னால் என் பெயரைக் கேட்டதும் இரண்டு வாரம் மகனோடு பேசாமல் இருந்தது. நான் நினைவுபடுத்தவில்லை. ஹோலி அன்றைக்கு வேண்டாம்.

மாமா எட்டிப் பார்த்தார். "என்ன பாஷை இது? சண்டை போடுதாவளா?"

"இல்ல மாமா, சந்தோஷமா இருக்காங்க."

ராத்திரி அத்தை ஓலைப்பெட்டியில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலோடு வீட்டுக்கு வந்தேன். பெரியப்பா பெட்டியைப் பார்த்தார், செய்தித்தாளை விரித்துக்கொண்டார். பெரியம்மை அடுக்களைக்குள் போய்விட்டாள். ஆச்சியிடம் நீட்டினேன்.

"எனக்குச் சீனி இருக்குட்டி" என்றாள். கையில் கருப்பட்டிக் காபி டம்ளர். அன்றைக்கு நாலாவது.

நான் மட்டும் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நல்ல நிலா. பொங்கலில் கொஞ்சம் மணல் கடித்தது.

ஐந்தாம் நாள். 26 மார்ச், செவ்வாய்

மத்தியானம் ரயில். காலையில் பெரியப்பா முதலூர்வரை போய் மஸ்கோத் அல்வா வாங்கி வந்தார், மாப்பிள்ளை வீட்டுக்கு என்று. மாப்பிள்ளை வீடு என்றுதான் சொன்னார், நான் இரண்டு தடவை மனசுக்குள் ஓட்டிப்பார்த்தேன். தேங்காய்ப் பாலில் கிண்டியது, கெடாது, பூனா தாண்டினாலும் கெடாது என்றார். ஞானஸ்நானப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

ஆச்சி கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் அடுக்கிக் கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்: "கோயில்ல நடக்காத கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். உங்க அப்பன் கல்யாணத்துக்கும் வரலை. இதுக்கு வந்தா அவன் கேப்பான்லா."

நியாயம்தான். என்ன சொல்ல?

"அந்த நோட்டீஸ் ஒட்டுவாவன்னு சொன்னியாமே உங்க பெரியப்பாட்ட. அதுல என்ன எழுதுவான்?"

"பேரு, வயசு, அட்ரஸ். என் பேரு, அப்பா பேரு, தாத்தா பேரு."

"அவிய பேரு எதுக்கு அதுல?"

விளக்கினேன். அப்பா பம்பாயில் ரேஷன் கார்டு எடுக்கப் போனபோது எழுதுகிறவர் ஆட்நாவ் கேட்டிருக்கிறார், குடும்பப் பெயர். நம்மிடம் அது ஏது? இனிஷியல்தான் உண்டு. அப்பா இனிஷியலை விரித்துத் தாத்தா பெயரைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் பின்பெயர். அம்மாவின் பெயரோடும் அதுதான் ஒட்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் டீச்சர் வருகைப்பதிவு எடுக்கும்போது என் பெயரைச் சொல்லவே மாட்டார், பின்பெயரைத்தான் கூப்பிடுவார். ஆபீசிலும் அப்படித்தான்.

ஆச்சி கொட்டானைக் கீழே வைத்தாள்.

"அவிய பேரையா? தெனமுமா?"

"தெனமும் ஆச்சி. சத்தமா."

"அங்க உள்ளவளுக்கு வாயில நொழையுமா அது? எப்படிச் சொல்லுவா?"

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் எங்கள் மராத்தி டீச்சர் மாதிரியே, கடைசி எழுத்தை விழுங்கி, நடுவில் ஒரு ளகரத்தைத் தேவையில்லாமல் அழுத்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். பெரியப்பா உள்ளேயிருந்து என்ன என்று கேட்டார். ஒண்ணுமில்ல என்று கையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு."